இரு எஞ்சின்களும் நான்கு சில்லுகளும்: ஒரு பொறியியற் பரிசோதனை தரும் பாடங்கள்

முன்னுரை

ஐக்கிய அமெரிக்காவின் கொலறாடோ மாநிலத்தில் பைக்ஸ் பீக் என்னும் மலை உளது. அதன் உச்சியை நோக்கிக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, நேரத்தோடு போட்டியிட்டு ஏறும் ஓட்டம் 1916ஆம் ஆண்டிலே தொடங்கியதாகும். 1987ஆம் ஆண்டு அங்கு ஏறிய கார்களுள் ஒன்று வெளித்தோற்றத்தில் வொக்ஸ்வாகன் நிறுவனத்தாரின் கோல்ப் என்னும் சிறிய குடும்பக் காரையே ஒத்திருந்தது. ஆயின் அதனுள்ளே இரு எஞ்சின்கள் இருந்தன. ஒன்று சாரதிக்கு முன்னே அமைந்து முன்சில்லுகளை இயக்கியது. மற்றையது அவருக்குப் பின்னே அமைந்து பின்சில்லுகளை இயக்கியது. இரண்டும் சேர்ந்து 652 பரிவலுவைத் தந்தன. காரின் திணிவோ 1,020 கிலோகிராம் மட்டுமே. ஜேர்மானியச் சாரதியான யோக்கி கிளைன்ற் செலுத்திய அக்கார், உச்சியை அடையச் சில வளைவுகளே எஞ்சியிருந்த நிலையில் நின்றுவிட்டது. நின்றமைக்குக் காரணம் அவ்விரு எஞ்சின்களுள் எதுவுமன்று; சில்லைத் தாங்கும் தொகுதியில் இருந்த ஒரு சிறு மூட்டேயாகும்.

ஒரு காருக்கு இரு எஞ்சின்கள் எதற்கு? அவ்வாறு அமைப்பதாற் பெறும் நன்மை யாது, அதற்குச் செலுத்தும் விலை யாது? அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பல நாட்டுப் பொறியியலாளர் மீண்டும் மீண்டும் முயன்று, மீண்டும் மீண்டும் கைவிட்ட ஓர் எண்ணம் இது. இதனை வெறும் விந்தைப் பொருளாக ஒதுக்கிவிடலாகாது. ஒரு வேலையை இரண்டு உறுப்புகளிடம் ஒப்படைக்கும்பொழுது நமக்குக் கிடைப்பது பாதுகாப்பா, அன்றிப் புதியதோர் ஆபத்தா என்னும் பொது வினாவுக்கு இக்கார் நல்லதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றது. அவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

சில்லின் பிடியும் எஞ்சினின் வலுவும்

காரை முன்தள்ளுவது எஞ்சின் என்று நாம் பொதுவாகக் கூறுகின்றோம். உண்மையில் காரை முன்தள்ளுவது ரயருக்கும் நிலத்துக்கும் இடையேயுள்ள உராய்வு விசையே. எஞ்சின் எத்துணை வலுவுடையதாயினும், சில்லு நிலத்தைப் பற்றும் எல்லையைக் கடந்து விசையைச் செலுத்துதல் இயலாது. அவ்வெல்லை, சில்லின்மீது தங்கும் நிறையினதும் உராய்வுக் குணகத்தினதும் பெருக்கத்துக்குச் சமனாகும். அதனைக் கடந்தாற் சில்லு நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும்.

இதனை ஓர் எளிய கணிப்பால் விளக்குவோம். நிறையின் 60 சதவீதம் முன்சில்லுகளிலே தங்கியுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 2.5 மீற்றர், புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து 0.5 மீற்றர் உயரத்திலுள்ளது. உராய்வுக் குணகம் 1 எனக் கொள்க. கார் ஆர்முடுகும்பொழுது நிறையின் ஒரு பகுதி முன்சில்லுகளிலிருந்து பின்சில்லுகளுக்கு மாறும். புறப்படும் காரின் மூக்கு உயர்ந்து வால் தாழ்வதைக் கண்டோர் இதனை அறிவர். இம்மாற்றத்தையும் சேர்த்துக் கணித்தால், முன்சில்லுகளால் மட்டும் இயங்கும் கார் பெறக்கூடிய அதியுயர் ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் சரி பாதியாகும். அதே காரைப் பின்சில்லுகளால் மட்டும் இயக்கினாலும் விடை அதே பாதிதான். தொடக்கத்திற் பின்புறம் தாங்கிய நிறை குறைவெனினும் ஆர்முடுகலின்போது வந்துசேரும் நிறை அக்குறையை ஈடுசெய்கின்றது. நான்கு சில்லுகளையும் இயக்கினாலோ, காரின் முழு நிறையும் பயன்படும், ஆர்முடுகலும் இருமடங்காகும். எனவே, எஞ்சினின் வலுவைச் சிறிதும் கூட்டாமல், இயங்கும் சில்லுகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிப் பெறும் பயன் இதுவாகும்.

இனி, 1987இன் கோல்ப் காருக்கு வருவோம். அதன் 652 பரிவலு ஏறத்தாழ 480 கிலோவாற்று ஆகும். காற்றுத்தடை, பொறியமைப்பினுள் ஏற்படும் இழப்பு, காரின் இறக்கைகள் தரும் கீழ்நோக்கிய அழுத்தம் ஆகியவற்றை நீக்கி நோக்கினால், உராய்வுக் குணகம் 1 ஆகவுள்ள நல்ல தெருவில், நான்கு சில்லுகளும் இயங்கும் நிலையிற்கூட, மணிக்கு ஏறத்தாழ 173 கிலோமீற்றர் வேகத்தை அடையும்வரை சாரதி தமது எஞ்சின்களின் முழு வலுவையும் பயன்படுத்த இயலாது. இரு சில்லுகள் மட்டும் இயங்கியிருப்பின் அவ்வெல்லை மணிக்கு 345 கிலோமீற்றராக உயர்ந்திருக்கும். அதாவது, முழு வலுவைப் பயன்படுத்தும் வேளையே அந்த மலைப்பாதையில் வாய்த்திராது. சரளைக்கல் பரவிய பாதையில் உராய்வுக் குணகம் மேலும் குறையும். 1987இல் பைக்ஸ் பீக் பாதை பெரும்பாலும் சரளைப் பாதையாகவே இருந்தது. நான்கு சில்லுகளையும் இயக்குதல் அங்கு ஆடம்பரமன்று, அடிப்படைத் தேவை என்பது இதனாற் பெறப்படும்.

நான்கு சில்லுகளை இயக்கும் இரு வழிகள்

நான்கு சில்லுகளையும் இயக்குவதற்கு வழமையான வழி ஒன்றுண்டு. ஓர் எஞ்சினின் வலுவை நடுவிலே பிரித்து, நீண்ட தண்டுகள்மூலம் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் கொண்டுசெல்வதே அதுவாகும். வளைவில் திரும்பும்பொழுது ஒவ்வொரு சில்லும் வெவ்வேறு நீளமான பாதையிற் செல்வதால், ஒவ்வோர் அச்சிலும் டிபரென்சியல் எனப்படும் பற்சில்லுத் தொகுதி ஒன்று வேண்டும். விரைந்து செல்லும் காருக்கு முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே மூன்றாவது டிபரென்சியல் ஒன்றும் வேண்டும். இவ்வமைப்பை ஏற்கத்தக்கதாகக் காரின் அடித்தளம் முழுவதையும் புதிதாக வரைதல் வேண்டும்.

மற்றைய வழியோ வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. எஞ்சின், கிளச், கியர்ப்பெட்டி, டிபரென்சியல் ஆகிய யாவும் ஒரே தொகுதியாக முன்புறத்தில் அமைந்து முன்சில்லுகளை இயக்கும் சிறிய கார்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பெருகின. அத்தொகுதியை அப்படியே இன்னொன்று எடுத்து, காரின் பின்புறத்திற் பூட்டிவிட்டால் நான்கு சில்லுகளும் இயங்கும், வலுவும் இருமடங்காகும். நீண்ட தண்டு வேண்டுவதில்லை. மூன்றாவது டிபரென்சியலும் வேண்டுவதில்லை. தொழிற்சாலையிற் குவிந்துகிடக்கும் உறுப்புகளே போதும். ஒரு பட்டறையிற் சில வாரங்களில் ஒரு முன்மாதிரியைக் கட்டிவிடலாம். பொறியியலாளரை இவ்வெண்ணம் திரும்பத் திரும்பக் கவர்ந்தமைக்கு இதுவே காரணமாகும்.

முன்னோடிகள்

இரு எஞ்சின் கொண்ட ஓட்டக் கார்களுட் புகழ்பெற்றது 1935இல் இத்தாலியில் உருவான அல்பா றோமியோ பிமோட்டோரே ஆகும். மொடேனா நகரிலிருந்த ஸ்கூடேரியா பெராரி என்னும் ஓட்டக் குழுவில் லூயிஜி பாட்ஸி என்பவர் அதனை வடிவமைத்தார். எட்டு உருளைகள் கொண்ட எஞ்சின் ஒன்று சாரதிக்கு முன்னும், அத்தகைய மற்றொன்று பின்னும் அமைந்தன. இரண்டினதும் கொள்ளளவு 6.3 இலீற்றர், வலு ஏறத்தாழ 540 பரிவலு. 1935 யூனில் புளோரன்சு நகரின் அண்மையிலுள்ள நெடுஞ்சாலையில் தாசியோ நுவொலாரி அக்காரை மணிக்கு 321 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்திற் செலுத்தினார். ஆயினும் ஓட்டப்போட்டிகளில் அது வெற்றி காணவில்லை. இரு எஞ்சின்களினதும் வலு முழுவதும் இரு பின்சில்லுகளுக்கே சென்றமையால் ரயர்கள் விரைவிலே தேய்ந்தன. ரயர் மாற்றுவதற்கு அடிக்கடி நிற்கவேண்டியதாயிற்று. மேலே நாம் செய்த கணிப்பின் பொருளை அக்கார் ஓட்டப் பாதையிலே மெய்ப்பித்தது எனலாம். எஞ்சினை இரட்டித்தவர்கள் இயங்கும் சில்லை இரட்டிக்கவில்லை.

இரண்டாவது எடுத்துக்காட்டு ஓட்டக் காரன்று. பிரான்சு நாட்டின் சித்ரோவன் நிறுவனம் 1958இல் காட்சிக்கு வைத்து 1960 முதல் விற்பனைக்கு விட்ட சகாரா என்னும் வண்டியே அது. 425 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் ஏறத்தாழ 12 பரிவலுவும் கொண்ட சிறு எஞ்சின் ஒன்று முன்னும் ஒன்று பின்னும் பூட்டப்பட்டிருந்தன. வட ஆபிரிக்கப் பாலைநிலங்களைக் கருத்திற்கொண்டு அமைக்கப்பட்ட அவ்வண்டியில், சாரதி விரும்பினால் ஓர் எஞ்சினை மட்டும் இயக்கிச் செல்லலாம். மணற்குன்று எதிர்ப்பட்டால் மற்றையதையும் இயக்கலாம். எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் தனித் திறப்பும் தனிப் பெற்றோல் தாங்கியும் இருந்தன. 694 வண்டிகள் செய்யப்பட்டன என்பர். இரு எஞ்சின் கார்களுள் ஓரளவேனும் வணிக நோக்கில் விற்பனையானது இதுவேயாகும்.

மூன்றாவது எடுத்துக்காட்டு நம் ஆய்வுக்கு மிக அண்மையானது. பிரித்தானியாவில் மினி காரை உருவாக்கிய அலெக் இஸிகோனிஸ், 1960களின் தொடக்கத்தில் மினியின் எஞ்சின் தொகுதிகள் இரண்டைப் பூட்டிய பரிசோதனை வண்டியொன்றைச் செய்து பனிபடர்ந்த நிலத்திலே செலுத்திக் காட்டினார். அதனைத் தொடர்ந்து இரு எஞ்சின் கொண்ட மினி ஓட்டக் கார் ஒன்று 1963இல் சிசிலித் தீவின் மலைப்பாதைகளில் நடைபெற்ற தார்கா புளோரியோ என்னும் நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கியது. ஜோன் விற்மோரும் போல் பிரேரும் அதனைச் செலுத்தினர். பின் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியமையால் அவர்களது ஓட்டம் பாதிக்கப்பட்டது.

அதே ஆண்டில், ஓட்டக் கார்களை அமைப்பதில் உலகப் புகழ் பெற்றிருந்த ஜோன் கூப்பர், இலண்டனுக்கு அண்மையிலுள்ள கிங்ஸ்ரன் புறவழிச் சாலையில் தமது இரு எஞ்சின் மினியைச் செலுத்திச் செல்கையில் பெரும் விபத்துக்கு உள்ளாகித் தலையிலே கடுங் காயமுற்றார். இவ்விபத்தின் காரணமாகக் கருதப்பட்டதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். மினியின் முன்புறத் தொகுதியை அப்படியே பின்புறத்திற் பூட்டியபொழுது, அதனோடு சில்லைத் திருப்பும் புயங்களும் உடன்வந்தன. பின்சில்லுகள் திரும்பலாகாது, ஆதலின் அப்புயங்கள் கம்பிகளால் அசையாதவாறு உடலோடு பிணைக்கப்பட்டன. அவ்விணைப்பு விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் காரின் பின்சில்லு தன் போக்கிலே திரும்பிவிடும். எளிமைக்காக எடுத்த முடிவு அங்கு ஒரு மூட்டின் வலிமையில் ஒரு மனிதரின் உயிரைத் தொங்கவிட்டிருந்தது. கூப்பர் உயிர் பிழைத்தார். ஆனால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

பின்னர் 1980களில் இவ்வெண்ணம் மீண்டும் தளிர்த்தது. வொக்ஸ்வாகன் நிறுவனத்தாரின் சிறொக்கோ என்னும் விளையாட்டுக் கார் இரு எஞ்சின் கொண்ட முன்மாதிரியாக உருமாற்றப்பட்டது. இத்தாலியில் லான்சியா நிறுவனம் 1984இல் திறேவி என்னும் காரை இவ்வாறு மாற்றிப் பரிசோதித்தது. பின் எஞ்சினுக்குக் காற்றுச் செல்லும்பொருட்டு அதன் பின்கதவுகளிலே வாயில்கள் அமைக்கப்பட்டன. 1985 தொடக்கம் மூன்றாண்டுகள் தொடர்ந்து வொக்ஸ்வாகன் இரு எஞ்சின் கார்களைப் பைக்ஸ் பீக் மலைக்கு அனுப்பியது. அவற்றுள் இறுதியானதே நாம் முன்னுரையிற் கண்ட கார்.

இரண்டை ஒன்றாக்குதல்

இரு எருதுகளைப் பூட்டிய வண்டியில் நுகத்தடி அவற்றை இணைக்கின்றது. ஓர் எருது முந்தினால் நுகம் சாயும். வண்டிக்காரன் உடனே அறிந்துகொள்வான். இரு எஞ்சின் காரில் முன் எஞ்சினையும் பின் எஞ்சினையும் இணைக்கும் நுகம் யாது? உள்ளே எத்தண்டும் இல்லை என்பதை மேலே கண்டோம். நான்கு சில்லுகளும் மிதிக்கும் நிலமே அவற்றின் நுகமாகும்.

சில்லுகள் வழுக்காத வரையில், நேர்ப்பாதையில் நான்கும் ஒரே வேகத்திலேயே சுழலவேண்டும். இரு கியர்ப்பெட்டிகளும் ஒரே கியரில் இருப்பின் இரு எஞ்சின்களும் ஒரே வேகத்திற் சுழலும். ஓர் எஞ்சின் சிறிது வலுக்குறைந்ததாயினும் மற்றையது சற்றுக் கூடுதலான சுமையை ஏற்கும், வண்டி ஓடும். எனவே இரு எஞ்சின்கள் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துக் காரை முறித்துவிடும் என்னும் அச்சத்துக்கு இடமில்லை. சகாரா வண்டி அத்துணை எளிய பொறிகளோடு நன்கு இயங்கியமைக்கும் இதுவே காரணம்.

இடர்ப்பாடு தோன்றுவது நிலம் என்னும் நுகம் தளரும்பொழுதாகும். அதாவது, சில்லுகள் தமது பிடியின் எல்லையை அடையும்பொழுது. ஓட்டக் காரோ எப்பொழுதும் அவ்வெல்லையிலேயே ஓடுவது. ரயரின் பிடி ஒரு குறிப்பிட்ட அளவினது. அதனை முன்தள்ளுவதற்கும் பயன்படுத்தலாம். வளைவிலே பக்கவாட்டிற் காரைத் தாங்குவதற்கும் பயன்படுத்தலாம். இரண்டினதும் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மொத்தப் பிடியின் வர்க்கத்தை மீறலாகாது. ஒரு ரயர் தன் பிடியின் 80 சதவீதத்தை முன்தள்ளுவதற்குச் செலவிட்டால், பக்கவாட்டில் 60 சதவீதமே எஞ்சும்.

இனி, வளைவொன்றின் நடுவிலே சாரதி ஆர்முடுக்கியை மிதிக்கின்றார் எனக் கொள்வோம். முன் எஞ்சின் உடனே முழு முறுக்கத்தையும் தருகின்றது. பின் எஞ்சின் அரைச் செக்கன் தாமதிக்கின்றது. அவ்வரைச் செக்கனில் முன்ரயர்களின் பக்கவாட்டுப் பிடி குறையும். சுக்கானைத் திருப்பிய அளவுக்குத் திரும்பாமற் கார் வளைவின் வெளிப்புறம் நோக்கி நேரே செல்லும். பின் எஞ்சின் முந்தினாலோ, வாற்பகுதி வெளியே வீசப்பட்டுக் கார் சுழன்றுவிடும். ஒரே எஞ்சினுடைய நாற்சில்லு இயக்கக் காரில் முன்பின் பங்கீட்டை நிர்ணயிப்பது பற்சில்லுகளின் அமைப்பு. அது சாரதிக்குப் பழக்கமான ஒன்றாகிவிடும். இரு எஞ்சின் காரிலோ அப்பங்கீடு இரு தனித்தனி எஞ்சின்களின் அந்தக் கணத்து மனநிலையைப் பொறுத்தது. வெளியேறும் வாயுவினாற் சுழலும் ரேர்போ காற்றழுத்திகள் எஞ்சின்களிற் பூட்டப்பட்டால் இடர்ப்பாடு மேலும் பெருகும். அத்தகைய அழுத்தி, மிதித்த கணத்தில் விழிப்பதில்லை. ஒன்று விழிக்கும் நேரத்திலேயே மற்றையதும் விழிக்கும் என்பதற்கு உறுதியும் இல்லை.

இதனோடு கியர் மாற்றுதலும் சேர்கின்றது. ஒரு நெம்பினால் இரு கியர்ப்பெட்டிகளையும், ஒரு மிதியினால் இரு கிளச்சுகளையும், மற்றொரு மிதியினால் இரு எஞ்சின்களின் காற்று வாயில்களையும் ஒரே கணத்தில் இயக்கவேண்டும். பின்புறத்துக்குச் செல்லும் கம்பிகள் நீளமானவை. நீள்வன, தேய்வன, சூட்டினால் விரிவன. முன்கியர் விழுந்து பின்கியர் விழாதிருப்பின் காரின் ஒரு பாதி மட்டும் இழுக்கும். எதிர்பாராத அக்கணத்தில் சாரதி வளைவின் நடுவே இருந்தால் நேர்வதை விவரிக்கவேண்டியதில்லை.

வெப்பமும் திணிவும்

மேலும் இரு குறைகளைக் குறிப்பிடல் வேண்டும். முதலாவது வெப்பம். காரின் முன்புறத்து றேடியேற்றரிற் காற்று நேராக வந்து மோதும். பின்புறத்து எஞ்சினுக்கோ காற்றை வளைத்து, குழாய்கள்மூலம் கொண்டுசெல்லவேண்டும். மினியின் பின் எஞ்சின் சிசிலியிற் சூடேறியதும், லான்சியாவின் கதவுகளிற் காற்று வாயில்கள் அமைந்ததும் ஒரே காரணத்தினாலாகும். பைக்ஸ் பீக் போன்ற உயரத்தில் இக்குறை இரட்டிக்கும். 4,302 மீற்றர் உயரத்திற் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. எரிவதற்கும் காற்றுக் குறைவு. குளிர்விப்பதற்கும் காற்றுக் குறைவு.

இரண்டாவது, திணிவு பரந்துள்ள முறை. ஒரு பொருள் எவ்வளவு எளிதிலே திரும்பும் என்பது அதன் சடத்துவத் திருப்பத்தைப் பொறுத்தது. அது மையத்திலிருந்துள்ள தூரத்தின் வர்க்கத்தோடு அதிகரிக்கும். 150 கிலோகிராம் திணிவுள்ள இரு தொகுதிகளைக் காரின் மையத்திலிருந்து 1.2 மீற்றர் தூரத்தில் வைத்தால் வரும் சடத்துவத் திருப்பம், அவற்றை 0.6 மீற்றர் தூரத்தில் வைத்தால் வருவதன் நான்கு மடங்காகும். இரு முனைகளிலும் பாரம் கட்டிய காவுதடியைத் தோளில் வைத்துத் திரும்ப முயன்றோர் இதனை நன்கறிவர்: திரும்பத் தொடங்குதலும் கடினம்; தொடங்கியபின் நிறுத்துதலும் கடினம். 156 வளைவுகள் கொண்ட மலைப்பாதைக்கு இது உகந்த இயல்பன்று.

மலையில் நிகழ்ந்தது

பைக்ஸ் பீக் ஓட்டம் 2,862 மீற்றர் உயரத்திலே தொடங்கி, ஏறத்தாழ 20 கிலோமீற்றர் சென்று, 1,440 மீற்றர் மேலே முடிவடைகின்றது. முதலிரு ஆண்டுகளிலும் வொக்ஸ்வாகன் கார்கள் உச்சியை அடைந்தன. 1987ஆம் ஆண்டுக்கெனப் புதிய கார் கட்டப்பட்டது. உருளைக்கு நான்கு வால்வுகளும் ரேர்போ அழுத்தியும் கொண்ட 1.8 இலீற்றர் எஞ்சின்கள் இரண்டும் நெடுக்குவாட்டில் வைக்கப்பட்டன. ஆக, மேலே நாம் எடுத்துக்கூறிய இடர்கள் யாவற்றையும் பொறியியலாளர் அறிந்து, அவற்றோடு மூன்றாண்டு போராடி, ஓரளவுக்கு வென்றும் இருந்தனர்.

எனினும் கார் உச்சியை அடையவில்லை. சில்லைத் தாங்கும் சுழல் மூட்டு ஒன்று முறிந்தது. உராய்வைத் தணிக்கும் கிறீஸ் செலுத்துவதற்காக அம்மூட்டிலே துளையொன்று இடப்பட்டிருந்தது. முறிவு அங்கிருந்தே தோன்றியது. பொறியியல் பயிலும் மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. இழுவிசைக்கு உட்பட்ட அகன்ற தகட்டில் வட்டத் துளையொன்று இருப்பின், அத்துளையின் விளிம்பில் ஏற்படும் தகைப்பு ஏனைய இடங்களிலுள்ளதன் மூன்று மடங்காகும் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நிறுவப்பட்டதாகும். ஆயிரக்கணக்கான கற்களில் மோதி எழும் சுமை மீண்டும் மீண்டும் தாக்குகையில், விளிம்பிலே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு தோன்றி வளரும். உறுப்பை நீண்டகாலம் காப்பதற்கென இட்ட துளையே அதன் முடிவுக்கு வாயிலாயிற்று.

அன்று வெற்றி பெற்றவர் அவுடி காரைச் செலுத்திய வால்ரர் றோள். 10 நிமிடம் 47.85 செக்கனில் அவர் உச்சியை அடைந்தார். அவரது காரும் நாற்சில்லு இயக்கக் காரே. ஆனால் அதில் ஐந்து உருளைகள் கொண்ட ஒரே எஞ்சின் இருந்தது. ஒரே மலையில், ஒரே ஆண்டில், இரு வழிகளும் ஒப்பிடப்பட்டன. அதன்பின் வொக்ஸ்வாகன் இரு எஞ்சின் காரை அம்மலைக்கு அனுப்பவில்லை.

காப்பா, சுமையா?

முறிந்த மூட்டு எந்தக் காரிலும் முறியலாமே. அதற்கு இரு எஞ்சின் அமைப்பு எவ்வாறு பொறுப்பாகும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அம்முறிவைக் கொண்டு இவ்வமைப்பைக் குற்றவாளியாக்குதல் பொருந்தாது. ஆயினும் உறுப்புகள் பெருகப் பெருக முறிவுக்கான வாய்ப்பும் பெருகும் என்னும் விதி இங்கும் செல்லும்.

ஓர் எஞ்சின் தொகுதி குறித்த பயணத்தைப் பழுதின்றி முடிப்பதற்கான நிகழ்தகவு 0.9 எனக் கொள்வோம். ஓட்டக் காரில் வெல்வதற்கு இரண்டும் வேண்டும். ஆதலின் இரண்டும் பழுதின்றி இயங்குவதற்கான நிகழ்தகவு 0.9இன் வர்க்கமாகிய 0.81 ஆகக் குறைகின்றது. பாலைநிலத்துச் சகாராவிலோ வீடு திரும்புவதற்கு ஒன்றே போதும். இரண்டும் ஒருங்கே பழுதாவதற்கான நிகழ்தகவு 0.01 மட்டுமே, ஆகவே திரும்பி வருவதற்கான நிகழ்தகவு 0.99 ஆக உயர்கின்றது. எஞ்சின்கள் அவையே, எண்ணிக்கையும் அதுவே. ஒன்றில் இரட்டித்தல் காப்பாகின்றது. மற்றதில் அதுவே சுமையாகின்றது. இரண்டில் ஒன்று போதுமா, இரண்டும் ஒத்துச் செயற்பட்டாலன்றி ஆகாதா என்பதே வேறுபாடு.

கூப்பரின் விபத்தும் இவ்வுண்மையையே வேறொரு முகத்தாற் காட்டுகின்றது. இரண்டாவது எஞ்சின் தன் வலுவை மட்டும் கொண்டுவருவதில்லை. தன் இணைப்புகளையும், அவற்றின் பலவீனங்களையும் உடன்கொண்டே வருகின்றது. உறுப்பை எண்ணுபவர்கள் இணைப்பை எண்ண மறக்கின்றனர்.

மின்மோட்டரின் வருகை

இக்கதை 1987இல் முடிவடைந்திருப்பின் இதனைத் தோல்வியுற்ற எண்ணம் என்றே எழுதியிருப்போம். ஆனால் 2018 யூன் 24ஆம் நாள் வொக்ஸ்வாகன் மீண்டும் அதே மலைக்கு வந்தது. பிரெஞ்சுச் சாரதியான றோமான் டியூமா, ஐ.டி. ஆர் என்னும் மின்காரிலே 7 நிமிடம் 57.148 செக்கனில் உச்சியை அடைந்து, அதுவரை எவரும் எட்டாத நேரத்தை நிலைநாட்டினார். அக்காரின் அமைப்பை நோக்கினால் நமக்குப் பழகிய உருவம் தெரிகின்றது: முன்னச்சுக்கு ஒரு மோட்டர், பின்னச்சுக்கு ஒரு மோட்டர், இடையே தண்டு இல்லை, வலு ஏறத்தாழ 680 பரிவலு, திணிவு 1,100 கிலோகிராமுக்குக் குறைவு. 1987இன் காரும் இதுவும் வலுவிலும் திணிவிலும் ஏறக்குறைய ஒத்தவை.

இரு நேரங்களையும் அப்படியே ஒப்பிடுதல் தவறாகும். பாதை முழுவதும் 2011ஆம் ஆண்டளவிலே தாரிடப்பட்டுவிட்டது. ரயர்களும் காற்றியக்க அறிவும் முப்பதாண்டு முன்னேறிவிட்டன. நாம் காணவேண்டியது வேறொன்று. பெற்றோல் எஞ்சின்களைக் கொண்டு இவ்வமைப்பை முயன்றவர்களைத் தடுத்த குறைகள் ஒவ்வொன்றாக நீங்கிவிட்டன. மின்மோட்டரின் முறுக்கத்தை ஒரு செக்கனின் ஆயிரத்திற் சில பங்குக்குள் கூட்டவும் குறைக்கவும் இயலும். எனவே முன்பின் பங்கீட்டை மின்னணுக் கருவி கணந்தோறும் அளந்து திருத்துகின்றது. கியர் மாற்ற வேண்டுவதில்லை. ஆதலின் இரு கியர்ப்பெட்டிகளை ஒருமிக்க இயக்கும் கவலையும் இல்லை. எரிவதற்குக் காற்று வேண்டாமையால் உயரம் வலுவைக் குறைப்பதில்லை. இன்று தெருவில் ஓடும் நாற்சில்லு இயக்க மின்கார்களுட் பல, அச்சுக்கொரு மோட்டர் என்னும் இவ்வமைப்பையே கொண்டுள்ளன. நிலத்தை மட்டும் நுகமாக நம்பியிருந்த இரு எருதுகளுக்கு, இறுதியில் உண்மையான நுகம் ஒன்று கிடைத்தது எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை. இரு எஞ்சின் நாற்சில்லு இயக்கக் கார், பிழையான கணிப்பிலிருந்து பிறந்ததன்று. சில்லின் பிடிபற்றிய அதன் அடிப்படை முற்றிலும் சரியானது. அது தோற்றது, இரண்டை ஒன்றாக நடத்தும் கருவி அக்காலத்தில் இல்லாமையால். அக்கருவி வந்தபின் அதே எண்ணம் வென்றது. ஆகவே, கைவிடப்பட்ட ஒரு வடிவமைப்பைக் காணும் மாணவர், "இது தவறு" என்று மூடிவைப்பதன் முன்னர், "இதற்கு எது குறைவாயிருந்தது?" என்று வினாவுதல் தகும்.

அத்துடன் மற்றொன்றையும் மறத்தலாகாது. 652 பரிவலுவை நிறுத்தியது ஒரு சிறு துளை. ஒரு பெருமகனை மரணத்தின் வாயிலுக்குக் கொண்டுசென்றதாகக் கருதப்படுவது ஒரு சிறு இணைப்பு. பெரிய எண்ணங்களை வரைபவர் அவற்றின் மூட்டுகளையும் தாமே நின்று சோதித்தல் வேண்டும். வரைபடத்தில் மூட்டு ஒரு புள்ளி. தெருவில் அது ஓர் உயிர்.